பந்தல் முழுக்க இலை... குலை மட்டும் எங்கே? - விதையில்லா திராட்சைக்கு ஒரு காஞ்சிபுரம் காலண்டர்!

நர்சரியில் 'சீட்லெஸ்' என்று சீட்டு ஒட்டிய ஒரு சின்னக் கொடி. வாங்கி வந்து பின்கட்டில் நட்டு, கயிறு கட்டி மாடிக்கு ஏற்றிவிட்டால் இரண்டே வருடத்தில் பந்தல் பச்சைப்பசேல். மூன்றாம் வருடமும் பச்சைதான். நான்காம் வருடம் வீட்டில் யாராவது ஒருவர், "இது ஆண் கொடி போல. வெட்டிப் போட்டுட்டு பாகற்காயாவது போடலாம்" என்று தீர்ப்பு சொல்லிவிடுவார்.

முதலில் அந்தப் பழியைத் துடைத்துவிடுவோம். காட்டுத் திராட்சையில்தான் ஆண், பெண் என்று தனித்தனிக் கொடிகள். நாம் வாங்கும் தோட்ட ரகங்களில் பெரும்பாலும் ஒரே பூவில் இரண்டும் இருக்கும். உங்கள் கொடி மலடும் இல்லை, ஆணும் இல்லை. வெட்டுக்காகக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். வெட்ட வேண்டியது வேரை அல்ல, குச்சியை. அதுவும் எந்த மாதம், எத்தனையாவது கண்ணில் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கம்பத்தில் காய்க்கிறது, காஞ்சியில் காய்க்காதா?

தமிழ்நாட்டில் திராட்சை என்றால் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்குதான். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பன்னீர் திராட்சைதான் இன்றும் அங்கே ராஜா. காஞ்சிப் பட்டுக்குக் கிடைத்தது போலவே அந்தத் திராட்சைக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால், பன்னீர் திராட்சையில் விதை உண்டு. விதையில்லா ரகங்களைப் பயிர் செய்ய அதே மாவட்டத்தில் ஓடைப்பட்டி பக்கம் போக வேண்டும்.

ஏன் எல்லோரும் விதையில்லா ரகத்துக்கு மாறிவிடவில்லை? பன்னீர் திராட்சை தாராள மனசுக்காரி. வெட்டினால் துளிர்க்கும், துளிர்த்தால் காய்க்கும். இரண்டு வருடத்தில் நான்கைந்து அறுப்புகூட எடுத்துவிடுவார்கள். விதையில்லா ரகங்களுக்கு அந்தக் குணம் கிடையாது. வருடத்துக்கு இரண்டு முறை வெட்ட வேண்டும். அறுப்போ ஒன்றே ஒன்றுதான்.

குளிர் நாடுகளில் இந்தத் தொல்லையே இல்லை. பனிக்காலம் வந்தால் கொடி இலையெல்லாம் உதிர்த்துவிட்டுத் தானாகத் தூங்கிவிடும். வசந்தத்தில் விழிக்கும்போது பூவோடு விழிக்கும். காஞ்சிபுரத்தில் அதற்கு ஏது தூக்கம்? மார்கழியில்கூட இலை விட்டுக்கொண்டேதான் இருக்கும். இங்கே பனிக்காலம் செய்யும் வேலையை நம் கையில் இருக்கும் கத்தரிதான் செய்ய வேண்டும். அதற்குப் பெயர்தான் கவாத்து.

குலையாக வேண்டியது சுருளாகிவிட்டது

கொடி எதையாவது சுற்றிப் பிடித்துக்கொள்ள ஸ்பிரிங் மாதிரி ஒரு சுருள் விடுகிறதே, பார்த்திருப்பீர்கள். இலைக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். திராட்சைக் குலை வருவதும் அதே இடத்தில்தான். காரணம், இரண்டுமே ஒரே கருவிலிருந்து பிறப்பவை. கண்ணுக்குள் அந்தக் கரு உருவாகும் நாட்களில் வெயிலும் சத்தும் சரியாகக் கிடைத்தால் அது குலை. நிழலும், அளவுக்கு மிஞ்சிய யூரியாவும் தண்ணீரும் கிடைத்தால் வெறும் சுருள். உங்கள் பந்தலில் காற்றாடும் ஒவ்வொரு சுருளும் ஒரு கைநழுவிய குலை என்று நினைத்துக்கொள்ளலாம். (எண்ணிப் பார்த்து வருத்தப்பட வேண்டாம்!)

அந்தக் கரு எப்போது உருவாகிறது? பழம் பறித்த பிறகு செய்யும் முதல் கவாத்தில் புதுக் குச்சிகள் கிளம்பும் அல்லவா, அவை வளரும் முதல் இரண்டு மாதங்களில். அதாவது அடுத்த சித்திரையில் நீங்கள் பறிக்கப்போகும் குலை, இந்த ஆடியிலேயே கண்ணுக்குள் முடிவாகிவிடுகிறது.

எந்தக் கண்ணில் முடிவாகிறது என்பது அடுத்த கேள்வி. பன்னீர் திராட்சையில் அடிக்கண்களிலேயே குலை உட்கார்ந்திருக்கும். தாம்சன் சீட்லெஸ் போன்ற விதையில்லா ரகங்களில் அடியில் இருக்கும் இரண்டு மூன்று கண்கள் பெரும்பாலும் வெற்றுக் கண்கள். குலை அதற்கு மேலேதான். அதனால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பன்னீருக்கு நான்கு கண் விட்டு வெட்டச் சொல்கிறது. தாம்சன் சீட்லெஸுக்கு ஐந்து முதல் ஆறு கண் விடச் சொல்கிறது.

இங்கேதான் பல வீடுகளில் கதை கெடுகிறது. வெட்டாமல் விட்டால் இலை. 'கவாத்து செய்யணும்' என்று எங்கோ கேட்டு ஒட்ட வெட்டிவிட்டால், குலை இருந்த கண்கள் குப்பைக்குப் போய்விடும். மறுபடியும் இலை!

மகாராஷ்டிரத்தின் பெரிய திராட்சை விவசாயிகள் கவாத்துக்கு முன்பு சில குச்சிகளை லேபுக்கு அனுப்பி, கண்களைச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எத்தனையாவது கண்ணில் குலை இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் கத்தரியை எடுக்கிறார்கள். நம் ஒற்றைக் கொடிக்கு லேப் எல்லாம் ஓவர். காஞ்சிபுரத்தில் எளிதாகக் கிடைக்கும் ஒரு பொருள் போதும், கழிவுப் பட்டு நூல். முதல் வருடம் சில குச்சிகளை நான்கு கண்ணிலும், சிலவற்றை ஆறிலும், சிலவற்றை எட்டிலும் வெட்டுங்கள். நான்குக்குச் சிவப்பு நூல், ஆறுக்குப் பச்சை, எட்டுக்கு மஞ்சள் என்று கட்டிவிடுங்கள். புதுத் துளிர் ஏழெட்டு இலை விடுவதற்குள் குலை எட்டிப் பார்த்துவிடும். எந்த நிற நூலில் அதிகக் குலையோ, அடுத்த வருடம் அதுதான் உங்கள் கணக்கு.

தையில் வெட்டு, சித்திரையில் பழம்

காஞ்சிபுரத்துக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். பூவும் பிஞ்சுமாக இருக்கும் திராட்சைக்கு அந்த மழை எமன். இலைக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி அடிச்சாம்பல் நோய் வரும். பிஞ்சில் பறவையின் கண் போல வட்ட வட்டப் புள்ளி விழும். புயல் மழையில் நாலு நாள் நனைந்தால் மொத்தக் குலையும் போச்சு. எனவே, அந்த இரண்டு மாதமும் கொடியில் குலையே இருக்கக் கூடாது. மகாராஷ்டிரத்தில் அக்டோபரில் வெட்டுகிறார்கள். யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அக்டோபரில் வெட்டினால் நேராக மழையின் வாயில் கொண்டுபோய்க் கொடுத்தது போலத்தான்.

நமக்கு ஏற்றது மார்கழிக் கடைசி அல்லது தை முதல் வாரம். போகிக்குப் பழையன கழிக்கும்போதே கொடியையும் கழித்துவிடலாம், நினைவும் இருக்கும். பத்து நாள் முன்னதாகத் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். இலைகளைக் கையாலேயே உருவி எடுங்கள். பழுப்பு நிறத்தில் முற்றி, பென்சில் கனத்தில் இருக்கும் குச்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒல்லியும் பச்சையுமானவற்றை நீக்குங்கள். மீதமுள்ளவற்றை அடியிலிருந்து எண்ணி ஐந்தாறு கண் விட்டு வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் நீர் சொட்டலாம். கொடி அழுகிறது என்று பயந்து சாணியை அப்ப வேண்டியதில்லை, தானாக நின்றுவிடும்.

வெட்டியதும் நுனிக்கண் மட்டும் துளிர்த்து, மற்றவை மந்தமாக இருப்பது நம் வெப்பத்தில் சகஜம். குச்சியைப் படுக்கை வாக்கில் வளைத்துப் பந்தலில் கட்டிவிட்டால் மற்ற கண்களும் விழிக்கும். தோட்டக்காரர்கள் இதற்கு ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்தைக் கண்களில் பூசுவார்கள். அது கடும் நச்சு, தோலைப் புண்ணாக்கும், மருந்தைக் கையாண்டவர் மது அருந்தினால் ஆபத்து இன்னும் கூடும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்குள் அதைக் கொண்டுவராதீர்கள்.

ஏகாம்பரநாதர் கோயில் பங்குனி உத்திரத் திருவிழா நடக்கும் நாட்களில் பிஞ்சு பச்சைக் கல்லாக இருந்து மெல்ல இளகத் தொடங்கியிருக்கும். அப்போது அணில் வரும், கிளி வரும், எங்கிருந்தோ குளவியும் வரும். வலையோ, குலைக்கு ஒரு காகிதப் பையோ அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். சித்திரையில் தொடங்கி, வரதராஜப் பெருமாள் வைகாசி கருட சேவைக்குள் அறுப்பு முடிந்துவிடும். பறிக்கும் முன் நுனிப்பழத்தைத் தின்று பாருங்கள். குலையில் கடைசியாக இனிப்பது நுனிதான். மாங்காய் மாதிரி பறித்து வைத்துப் பழுக்க வைக்கும் வேலை திராட்சையில் நடக்காது. புளிப்பாகப் பறித்தால் கடைசிவரை புளிப்புதான்.

பறித்து முடித்ததும் ஒரு பத்துப் பதினைந்து நாள் ஓய்வு. பிறகு வைகாசிக் கடைசியில் இரண்டாவது வெட்டு. இதில் ஒவ்வொரு குச்சிக்கும் ஒன்றிரண்டு கண் மட்டும் விட்டு ஒட்ட வெட்ட வேண்டும். இந்த வெட்டில் பழம் எதிர்பார்க்காதீர்கள், இது குச்சி தயாரிக்கும் வெட்டு. இதன் துளிர்களில்தான், மேலே சொன்ன ஆடி மாதக் கணக்கு நடக்கும். துளிர்களை ஒரு ஜாண் இடைவெளிக்கு ஒன்றாகக் குறைத்து, ஒவ்வொன்றிலும் வெயில் படும்படி விரித்துக் கட்டுங்கள். இந்தச் சமயத்தில் 'நல்லா வளரட்டும்' என்று யூரியாவை அள்ளிப் போடுவதுதான் பெரிய எதிரி. தொழுவுரம் ஒரு கூடை, மரச் சாம்பல் இரண்டு கை, போதும்.

தறி இருக்கும் வீடா? ஒரு நிமிடம்!

பிள்ளையார்பாளையம் மாதிரி நெசவாளர் தெருக்களில் வீட்டுக்குள்ளேயே குழித்தறி இருக்கும். மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறி வேலை நின்றுபோகும் பாடு அங்கே எல்லோருக்கும் தெரியும். திராட்சைக்கு இரண்டடி ஆழ, அகலத்துக்குக் குழி எடுத்து, வெயில் காலம் முழுக்கத் தண்ணீர் விட வேண்டும். அந்தக் குழியைத் தறிக்கூடத்துச் சுவரை ஒட்டி எடுத்தால் வருடம் முழுக்க மழைக்காலம்தான். சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, பின்கட்டின் கடைசியில் வையுங்கள்.

இன்னொன்று, மருந்து. தை, மாசியில் பனி விழும்போது இலையிலும் பிஞ்சிலும் திருநீறு பூசியது போலச் சாம்பல் நோய் வரும். அதற்கு நனையும் கந்தகத்தைத் தண்ணீரில் கலந்து தெளிப்பது வழக்கம். தோட்டத்தில் அது சாதாரண விஷயம். ஆனால், ஜரிகையில் இருப்பது வெள்ளி. கந்தகம் பட்டால் வெள்ளி கறுத்துவிடும். ஒரு குலைத் திராட்சையைக் காப்பாற்றப்போய் மாதக்கணக்கில் நெய்த முகூர்த்தப் புடவையின் முந்தானை கறுத்துப்போனால் எந்தக் கணக்கில் எழுதுவது? தறி ஓடும் வீட்டில் கந்தகத்தைத் தவிர்ப்பதே நல்லது. நோய் கண்ட இலைகளைப் பறித்து அப்புறப்படுத்தி, காற்றும் வெயிலும் புகும்படி பந்தலை மெலிதாக வைத்திருந்தாலே பாதிப் பிரச்னை தீரும். தெருவில் பாவு நீட்டுகிற நேரத்தில் எந்த மருந்தையும் கையில் எடுக்காதீர்கள்.

ஐப்பசி மழைக்கு முன்பாகத் தெளிக்கும் போர்டோ கலவைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், அதன் நீலக்கறை லேசில் போகாது. செய்முறை எளிது. 10 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 10 கிராம் சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் பிளாஸ்டிக் பக்கெட்டில் தனித்தனியாகக் கரைத்து, பிறகு ஒன்றாக ஊற்ற வேண்டும். இரும்பு ஆணியை ஒரு நிமிடம் அதில் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் ஏறினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தெளித்துவிட வேண்டும்.

இந்தக் கலவைக்குப் பின்னால் ஒரு சுவாரஸ்யம் உண்டு. பிரான்ஸின் போர்டோ பகுதியில் சாலையோரத் திராட்சையைப் போகிற வருகிறவர்கள் பறித்துத் தின்றுவிடுகிறார்கள் என்று, விஷம் போலத் தெரியட்டுமே என இந்த நீலத்தைப் பூசி வைத்தார்களாம். நோயில் தோட்டமே வாடியபோது, பூசிய கொடிகள் மட்டும் பசுமையாக நின்றதை மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார். 1885-ல் அவர் அதை மருந்தாகவே அறிவித்தார். திருடனுக்கு வைத்த பயம், உலகத்துக்கே பூஞ்சைக்கொல்லி ஆகிவிட்டது.

சின்னதாகத்தான் இருக்கும், அதுதான் அசல்

எல்லாம் சரியாகச் செய்து குலை வந்தபிறகும் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. கடையில் விற்பது கட்டைவிரல் பருமன், நம் வீட்டுப் பழம் அதில் பாதிகூட இருக்காது. கவலை வேண்டாம், கொடி மேல் குற்றமில்லை.

தாம்சன் சீட்லெஸ் பழத்தில் விதையே உருவாகாமல் இல்லை. மகரந்தம் சேர்ந்து விதை உருவாகத் தொடங்கி, சில வாரங்களில் பாதியிலேயே நின்றுபோகிறது. பழத்தைக் குறுக்கே வெட்டினால் மெல்லிய வெள்ளைத் தடமாக அதைப் பார்க்கலாம். பழத்தைப் பெருக்க வைக்கும் ஜிப்ரெல்லின் என்ற ஹார்மோனைச் சுரப்பது விதைதான். விதை பாதியில் நின்றதால் சுரப்பும் குறைவு, பழமும் சிறிது. கிஸ்மிஸ் என்று பாயசத்தில் போடுகிறோமே, அது இந்தச் சின்னப் பழத்தின் காய்ந்த வடிவம்தான்.

தோட்டங்களில் அந்த ஹார்மோனை வெளியிலிருந்து கொடுக்கிறார்கள். குலைகளை ஜிப்ரெலிக் அமிலக் கரைசலில் முக்கி எடுப்பார்கள். நெற்பயிரை வெடவெடவென உயரமாக வளர்த்துச் சாய்க்கும் ஒரு பூஞ்சையை ஆராய்ந்த ஜப்பானிய விஞ்ஞானி குரோசவா, 1926-ல் துப்புத் துலக்கிய பொருள் இது. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், நாள் பார்த்துக் கொடுக்க வேண்டியது, பிசகினால் குலை கெட்டுவிடும். வீட்டுக்கு அதைவிடச் சுலபமான வழி, பிஞ்சு மிளகு அளவில் இருக்கும்போது சின்னக் கத்தரியால் குலைக்கு மூன்றில் ஒரு பங்கு பிஞ்சை நறுக்கிவிடுவது. மனசு கேட்காதுதான். ஆனால், மிச்சமிருப்பவை கொஞ்சம் பெருக்கும், குலைக்குள் காற்றும் போகும். முதல் காய்ப்பில் கொடிக்குப் பத்துப் பன்னிரண்டு குலைக்கு மேல் விடாதீர்கள்.

எந்தக் கொடியை வாங்குவது?

விதையே இல்லாததை எப்படி நடுவது என்று குழந்தைகள் கேட்பார்கள். குச்சியை வெட்டி நட்டுத்தான். 1870-களில் கலிபோர்னியாவில் வில்லியம் தாம்சன் என்பவர் நட்டுப் பரப்பியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்ட கொடியின் குச்சிகள்தாம் இன்று உலகம் முழுக்கப் படர்ந்திருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டம் போர்காவ் கிராமத்து விவசாயி வசந்த்ராவ் ஆர்வே, தாம்சனிலிருந்து தேர்ந்தெடுத்த மாறுபட்ட ஒரு கொடிதான் 'தாஸ்-ஏ-கணேஷ்' ரகம். சோலாப்பூர் பக்கம் நன்னஜ் கிராமத்து நானாசாகேப் காளே கண்டெடுத்தவை 'சோனாகா'வும் கறுப்பு 'சரத் சீட்லெஸ்'ஸும். விவசாயிகளின் கூர்மையான கண்ணுக்குக் கிடைத்த பரிசுகள் இவை.

நர்சரியில் வெறும் 'சீட்லெஸ்' என்றால் விடாதீர்கள், ரகத்தின் பெயரைக் கேளுங்கள். கறுப்பு ரகங்களின் நிறம் சூடான இரவுகளில் சரியாக ஏறாது. சித்திரை மாதக் காஞ்சிபுரத்தின் இரவுகள் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பச்சை ரகத்துக்கு அந்தக் கவலை கிடையாது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதியா? அப்படியானால் 'டாக்ரிட்ஜ்' வேர்ச்செடியில் ஒட்டிய கன்றாகப் பாருங்கள், உப்பையும் வறட்சியையும் தாங்கும். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் துளிர்களைக் கண்டதும் கிள்ளிவிடுங்கள். அவை வேர்ச்செடியின் துளிர்கள், விட்டால் உங்கள் திராட்சையை அமுக்கிவிடும்.

ஆனி, ஆடியில் நடலாம். ஒரே தண்டாகப் பந்தல் உயரம்வரை, அதாவது ஆறேழு அடிவரை விட்டு, நுனியைக் கிள்ளி, இரண்டு பக்கமும் இரண்டு கை பிரிய விடுங்கள். குறைந்தது ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கும் சன்னதித் தெருக்களில் அந்த வெயில் மாடியில்தான் கிடைக்கும். 100 லிட்டர் டிரம்மில் வளர்க்கலாம். ஈரமண்ணோடு அது 150 கிலோ அளவுக்குக் கனக்கும் என்பதால், ஓட்டு வீட்டுக்கும் பழைய மரக்கட்டை மெத்தைக்கும் அது வேண்டாம். கான்கிரீட் மாடியிலும் தூண் அல்லது சுவர் வரும் இடத்துக்கு மேலே வையுங்கள்.

இவ்வளவு வேலையா என்று மலைப்பாக இருந்தால், பன்னீர் திராட்சைக் கொடி ஒன்றை நட்டுக்கொள்ளுங்கள். விதையைத் துப்பிவிட்டுச் சாப்பிடலாம், தப்பே இல்லை. சீட்லெஸ்தான் வேண்டும் என்பவர்களும், ஏற்கெனவே பந்தல் நிறைய இலை வைத்திருப்பவர்களும் தேனி மாவட்டம் ஆனைமலையான்பட்டியில் இருக்கும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் சந்தேகம் கேட்டுக்கொள்ளலாம். பழைய கொடிக்காரர்கள் இந்தத் தையிலேயே பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். நிழலில் முற்றிய குச்சிகளில் குலை இருக்கும் வாய்ப்பு குறைவு. வரும் வைகாசியில் ஒட்ட வெட்டி, துளிர்களை வெயிலுக்கு விரித்துக் கட்டி, அடுத்த போகிக்குக் கத்தரியோடு மாடி ஏறுங்கள். பட்டு நூலையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.